டிப்டி கலெக்டரின் கணித சங்கம்

1906ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, சர்க்கார் கச்சேரிகளெல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அடைபட்டிருந்த நாளில், வி. ராமஸ்வாமி ஐயர் என்னும் டிப்டி கலெக்டர் ஒருவர், தம்மைப் போலவே கணிதத்தில் பித்துக் கொண்டிருந்த நண்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். சிறியதாக ஒரு கணித சங்கம் அமைப்போம். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 25 ரூபாய் சந்தா போடுவோம். சேருகிற பணத்தைக்கொண்டு, தனியொருவரின் கைக்கு எட்டாத மேல்நாட்டுக் கணிதப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் தருவித்து, முறைவைத்து எல்லோரும் படிப்போம் என்பதே அக்கடிதத்தின் சாரம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி, 20 பேரை ஸ்தாபக அங்கத்தினராகக் கொண்டு, ‘அனலிடிக் கிளப்’ என்ற பெயரோடு அச்சங்கம் பிறந்தது. பிறகு சிறிது காலம் இந்தியக் கணிதக் கிளப் என்று வழங்கி, 1910இல் இந்தியக் கணித சங்கம் என்ற பெயரை ஏற்று, இன்றளவும் நடந்துவருகிற அந்த ஸ்தாபனத்தின் முற்பகுதிச் சரித்திரத்தில், பொதுவாகக் கவனிக்கப்படாத ஓர் அம்சத்தை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த அம்சம் யாதெனில், பிற தேசங்களில் கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் முதலில் தோன்றி, அவர்கள் கூடிப் பின்னர் சங்கம் அமைத்திருக்க, இந்நாட்டில் சங்கம் முதலில் தோன்றியது. தொழில் அதன் பின்னால் வந்தது. லண்டன் கணித சங்கம் 1865இல் யூனிவர்சிட்டி காலேஜின் சுவர்களுக்குள்ளே உருவாயிற்று. அதன் முதல் தலைவரான அகஸ்டஸ் டி மார்கன் அங்கேயே கணிதப் பேராசிரியர். 1890இல் ஜெர்மானியர் தங்கள் சங்கத்தை நிறுவியபோது தலைமை தாங்கியவர், கணக் கோட்பாட்டைக் கண்ட கியோர்க் காண்டர். பின்னாளில் அமெரிக்கக் கணித சங்கமாக வளர்ந்த நியூயார்க் சங்கத்தை 1888இல் தொடங்கிய தாமஸ் ஃபிஸ்க், கொலம்பியாவில் கணிதம் பயின்றுகொண்டிருந்த இளைஞர். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சர்வகலாசாலை நின்றது. 1907ஆம் ஆண்டு இந்தியாவிலோ நிலைமை வேறு. கல்கத்தா, பம்பாய், சென்னைச் சர்வகலாசாலைகள் மூன்றும் 1857இல் ஏற்பட்டவை எனினும், நெடுங்காலம் பரீட்சை நடத்திப் பட்டம் அளிக்கும் அலுவலகங்களாகவே இருந்தன. புதிதாக ஒரு தேற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்ற எண்ணம் அவற்றின் ஏற்பாடுகளில் இடம்பெறவில்லை. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவன் கல்லூரியில் பாடம் சொல்லப் போவான். அல்லது ரெவின்யூ இலாகாவிலோ கணக்கு இலாகாவிலோ உத்தியோகம் ஏற்பான். அவனுடைய கணிதம் மாலை வேளைக்கும் விடுமுறை நாளுக்கும் உரிய தனி இன்பமாகச் சுருங்கிப்போகும். 1908இல் கல்கத்தாக் கணித சங்கத்தை நிறுவிய அசுதோஷ் முகர்ஜியும், இளமையில் கணிதக் கட்டுரைகள் எழுதிப் பெயர் பெற்றிருந்தும், பிழைப்புக்குச் சட்டத்தை மேற்கொண்டு ஹைகோர்ட்டு நீதிபதியாக அமர்ந்தவரே அன்றோ?

ராமஸ்வாமி ஐயரும் அவ்வகையினரே. 1871இல் பிறந்து, சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்த அவர், மாணவராக இருந்தபோதே லண்டனிலிருந்து வெளிவந்த ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ என்னும் பத்திரிகைக்குக் கணித விஷயங்களை எழுதியனுப்பிவந்தார். எழுதியவற்றின் தரத்தைக் கண்ட அப்பத்திரிகையார் இவரை ஒரு பேராசிரியர் என்றே எண்ணி, அந்தப் பட்டத்தோடே பெயரை அச்சிட, நண்பர்களும் அதைப் பிடித்துக்கொண்டு ‘புரொபஸர் ராமஸ்வாமி ஐயர்’ என்று வாழ்நாள் முழுவதும் அழைத்தார்கள். லண்டன் பத்திரிகையின் அறியாமையால் கிடைத்த இந்தப் பட்டம், அன்றைய இந்தியாவில் கணிதம் நின்ற நிலையை நன்கு விளக்குகிறது. பேராசிரியர் ஆவதற்குரிய தகுதி முழுவதும் இவரிடம் இருந்தது. இவருக்கு உரிய நாற்காலிதான் நாட்டில் எங்கும் போடப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவர் ஜமாபந்தியும் கிஸ்தியும் பார்த்துக்கொண்டு, முக்கோண வடிவியலை ஓய்வு நேரத்தில் ஆராய்ந்துவந்தார். சங்கம் பிறந்த சமயத்தில் அவர் உத்தியோகம் பார்த்த குத்தி என்ற ஊர், சென்னை ராஜதானியின் அனந்தப்பூர் ஜில்லாவில், சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் ரயில் பாதையில், ஒரு பழைய மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ளது. நூல்நிலையமும் கல்லூரியும் கணிதம் பேச ஓர் ஆளும் இல்லாத அத்தகைய ஊர்களில் அடிக்கடி மாற்றலாகி வாழ்ந்தவருக்கே, தபாலை நம்பிய ஒரு சங்கத்தின் அவசியம் முதலில் புலப்பட்டிருக்க வேண்டும். பெருநகரத்துப் பேராசிரியர் எவருக்கும் இந்த யோசனை முந்தித் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

சங்கத்தின் முதல் ஏற்பாடு, நம் ஊர்களில் நாலு பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதைப் போன்றதே. எல்லோரும் சிறுகச் செலுத்த, ஒருவர் மாற்றி ஒருவர் பெரும் பயனை அடைவது அதன் தத்துவம். முதல் தலைவராகச் சென்னை என்ஜினீயரிங் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் பி. ஹனுமந்த ராவ் அமர்ந்தார். ஆயினும் தலைமை நிலையமும் நூல்நிலையமும் சென்னையில் அமையாமல், புனாவின் பெர்குஸன் கல்லூரியில் அமைந்தன. 1899இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் சீனியர் ராங்ளராக, அதாவது முதல்வராகத் தேறி, அந்தக் கௌரவத்தை முதன்முதலில் அடைந்த இந்தியரான ஆர். பி. பராஞ்சபே அக்கல்லூரியின் பிரின்ஸிபாலாக இருந்தமையால், அங்கே சங்கத்துக்கு உறுதியான புகலிடம் கிடைத்தது. தருவிக்கப்பட்ட பத்திரிகைகள் அங்கிருந்து தபால் மூலம் அங்கத்தினரிடையே சுற்றிவந்தன. தலைவர் ஓர் ஊரில், நூல்நிலையம் வேறோர் ஊரில், ஸ்தாபகர் மற்றோர் ஊரில் என்ற இந்த அமைப்பு பார்வைக்குச் சிதறலாகத் தோன்றினாலும், இச்சங்கம் ஒரு மாகாணத்துக் கிளப்பாகக் குறுகிவிடாமல் தேச முழுவதற்கும் பொதுவானதற்கு இதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆண்டுக்கு 25 ரூபாய் அக்காலத்தில் அற்பத் தொகை அன்று. ஐந்தாண்டுகளுக்குப் பின் சென்னை போர்ட் டிரஸ்ட்டில் ஒரு குமாஸ்தா வாங்கிய மாதச் சம்பளம் 30 ரூபாய்தான்; அந்தக் குமாஸ்தாவைப் பற்றிப் பின்னர் வரும்.

1909இல் சங்கம் தன் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கியது. பங்களூர் சென்ட்ரல் கல்லூரியைச் சேர்ந்த எம். டி. நாராயண ஐயங்கார் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்று 1927 வரை வகித்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகள், புத்தக மதிப்புரைகள் முதலியன அதில் வெளிவந்தனவெனினும், அப்பத்திரிகையின் ஜீவநாடி கேள்வி பதில் பகுதியே. ஒருவர் ஒரு கணக்கை விடுப்பார். அதற்கு வரிசை எண் ஒன்று இடப்படும். பின்வரும் இதழ்களில் எவரேனும் விடை எழுதுவார். அதிலும் சிறந்த விடை கிடைத்தால் இன்னொருவர் அதையும் எழுதுவார். லண்டன் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ பத்திரிகையில் நெடுநாள் நடந்துவந்த முறையை அடியொற்றியதே இது. கட்டுரை எழுத ஆராய்ச்சிப் பயிற்சி வேண்டும், பிறர் எழுதியவை அனைத்தையும் படித்திருக்கவும் வேண்டும். கேள்வி விடுப்பதற்கோ கூர்மையான புத்தியும் ஒரு தபால் தலையும் போதும். தொழில்முறைக் கணிதர் இல்லாத ஒரு தேசத்தில், தகுதியுள்ளவனைப் பட்டம் பார்க்காமல் கண்டெடுக்க இதைவிட நல்ல சாதனம் வேறொன்று இருந்திருக்க முடியாது.

1910ஆம் ஆண்டு, கும்பகோணத்துக் கல்லூரியிலும் சென்னைக் கல்லூரியிலும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வியுற்று, வேலையற்றிருந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன், அப்போது திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயரைத் தேடிச் சென்றார். அவர் கேட்டது ரெவின்யூ இலாகாவில் ஒரு சிறு குமாஸ்தா வேலை. காட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ஐயர், இப்படிப்பட்ட மேதையைத் தாலுகாக் கச்சேரியில் கடைநிலை வேலைக்கு அமர்த்தி நசுக்கிவிடத் தமக்கு மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார். வேலை கொடுக்காமலிருந்ததே அவர் செய்த பேருபகாரம். கையில் ஒரு சிபாரிசுக் கடிதத்தைக் கொடுத்து, பிரஸிடென்ஸி கல்லூரியிலிருந்த பி. வி. சேஷு ஐயரிடம் அனுப்பினார். கும்பகோணத்திலேயே ராமானுஜனுக்கு ஆசிரியராயிருந்த சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராமச்சந்திர ராவ், முதலில் ஐயுற்றுப் பின்னர் தெளிந்து, சில காலம் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பிவந்தார். 1912 மார்ச்சு முதல் தேதியில் போர்ட் டிரஸ்ட் கணக்கு இலாகாவில் 30 ரூபாய் குமாஸ்தாவாக ராமானுஜன் சேர்ந்தபோது, அங்கே அவரை அரவணைத்து, இரவில் கூட உட்கார்ந்து கணிதம் ஆராய்ந்தவர் மேலதிகாரி எஸ். நாராயண ஐயர்.

இந்த வரிசையை ராமானுஜன் சரித்திரம் எழுதுவோர் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இவர்களை இணைத்த சரடு எதுவென்று பெரும்பாலோர் நின்று நோக்குவதில்லை. ராமஸ்வாமி ஐயர் கணித சங்கத்தின் ஸ்தாபகர். சேஷு ஐயர் அதன் அங்கத்தினர். ராமச்சந்திர ராவ் அதன் முக்கியஸ்தர், பின்னாளில் தலைவர். நாராயண ஐயர் அதன் பொக்கிஷதாரர். ஒரு டிப்டி கலெக்டர், ஒரு கல்லூரி ஆசிரியர், ஒரு கலெக்டர், ஒரு துறைமுகக் கணக்கு அதிகாரி என்று வெவ்வேறு துறையில் கிடந்த நால்வரை ஒருவரையொருவர் அறியச் செய்தது அந்த 25 ரூபாய்ச் சந்தாவே. தெய்வம் அளித்த மேதை தானே வழி கண்டுகொண்டது என்று சொல்லுவது நம்மவர்க்கு இனிக்கும் கதை. ஆனால் 1906க்கு முன் அதே மேதை அதே நோட்டுப் புத்தகத்தோடு அலைந்திருந்தால், எந்தக் கதவைத் தட்டியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

ராமானுஜனின் பெயர் முதன்முதல் அச்சேறியது இச்சங்கத்தின் பத்திரிகையில், 1911இல். அவர் விடுத்த கேள்விகளுள் 289ஆம் எண் கொண்டது சற்று நெருங்கிப் பார்க்கத்தக்கது. ஒரு வர்க்கமூலக் குறி. அதனுள் 1 கூட்டல், 2 பெருக்கல் மற்றொரு வர்க்கமூலம். அதனுள் 1 கூட்டல், 3 பெருக்கல் வேறொரு வர்க்கமூலம். அதனுள் 1 கூட்டல், 4 பெருக்கல் இன்னொன்று. இப்படியே முடிவின்றி உள்ளே உள்ளே போகும் இந்தக் கோவையின் மதிப்பு என்ன? பத்திரிகை மும்முறை வெளிவந்து ஆறு மாதம் கழிந்தும் ஒருவரும் விடை அனுப்பாததால், ராமானுஜனே எழுதினார். விடை 3. காரணம் பள்ளிச் சிறுவனும் அறியக்கூடியது. 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் 4. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 கூட்டல் 3 பெருக்கல் 5. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 கூட்டல் 4 பெருக்கல் 6. இவ்வாறு ஒவ்வோர் எண்ணாகப் பிரித்துக்கொண்டே போனால் கேட்ட கோவை தானே விரிகிறது.

ஆனால் கண்டிப்பான கணிதர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். இதே தந்திரத்தால் 3க்குப் பதிலாக வேறோர் எண்ணையும் பிரித்துக்கொண்டே போகலாம். எனவே முடிவில்லாத அந்தக் கோவை உண்மையில் ஓர் எல்லையை நாடுகிறதா, நாடினால் அது 3தானா என்பதைத் தனியே நிரூபித்தாக வேண்டும். ராமானுஜன் தந்த விடையில் அந்த நிரூபணம் இல்லை. அடுத்த தலைமுறையில் வந்த தி. விஜயராகவன், இத்தகைய அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஓர் எல்லையில் நிலைபெறும் என்பதற்குப் பொதுவான நிபந்தனையைக் கண்டார். 1927இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பில் அது குறிக்கப்பட்டிருக்கிறது. இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரமே, கணிதம் இந்நாட்டில் இன்பத்திலிருந்து தொழிலாக மாறிய தூரம்.

அதே 1911இல் பெர்னூயி எண்களைப் பற்றிய ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளிவந்தது. ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கு அது எளிதான காரியமாக இருக்கவில்லை. ராமானுஜனின் முறைகள் புதியனவாயும் சுருக்கம் மிக்கனவாயும் இருந்தமையாலும், சொல்லும் முறையில் தெளிவும் ஒழுங்கும் குறைந்திருந்தமையாலும், இத்தகைய ஞான வித்தையில் பழகாத சாதாரண வாசகன் பின்தொடர முடியாது என்று கண்டு, கட்டுரையை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பித் திருத்தி எழுதச் செய்தார். பதிப்பாசிரியரின் இந்தப் பொறுமையை எவரும் பாராட்டி எழுதுவதில்லை. புரியவில்லை என்று கூடையில் போட்டிருக்கலாம். புரிந்ததாகப் பாவனை செய்து அப்படியே அச்சிட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல், பெயர் தெரியாத ஓர் இளைஞனுக்கு மற்றவர் அறியும்படி எழுதும் கலையைத் தபாலிலேயே கற்பித்த அந்தப் பங்களூர்க்காரருக்கு, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு ராமானுஜனிடமிருந்து சென்ற பிரசித்தி பெற்ற கடிதத்திலும் ஒரு சிறு பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன். அவ்வாண்டு மே மாதத்தில் சென்னைச் சர்வகலாசாலை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. இந்த மாகாணத்தில் ஒருவன் கணித ஆராய்ச்சி ஒன்றுக்காகவே கூலி பெறத் தொடங்கிய தினம் அது என்னலாம்.

சீமையில் புகழ்பெற்ற பின்னும் அவர் சங்கத்தை மறந்துவிடவில்லை. 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே ஒரு பகா எண் நிச்சயம் உண்டு என்ற பெர்ட்ராண்டின் கூற்றுக்கு அவர் கண்ட அழகிய நிரூபணம், இரண்டே பக்கத்தில், 1919இல் இப்பத்திரிகையிலேயே பிரசுரமாயிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தபோது, சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் அதே பக்கங்களில் இரங்கல் எழுதினார்கள். இதனிடையே 1916 டிசம்பரில் சங்கத்தின் முதல் மகாநாடு சென்னையில் கூடி, அதுவரை கையெழுத்தால் மட்டும் ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள் முகமறிய வாய்ப்பளித்தது.

1920க்குப் பின் தொழில் வந்து சேர்ந்தது. சென்னையிலும் சிதம்பரம் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும் ஆராய்ச்சிக்கு இடம் உண்டாயிற்று. ஆனந்த ராவ், விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை போன்றோர் உலகறிந்த ஆராய்ச்சிகளைச் செய்தனர். 1927இல் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஆர். வைத்தியநாதஸ்வாமி, அதை முழுமையான ஆராய்ச்சி வெளியீடாக உயர்த்த விரும்பினார். அதன் விளைவாக, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய விஷயங்களும் கேள்வி பதில்களும் 1933இல் ‘மேதமேடிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்னும் தனிப் பத்திரிகைக்கு மாற்றப்பட்டன. அண்ணாமலைச் சர்வகலாசாலையின் ஏ. நரசிங்க ராவ் அதன் முதல் ஆசிரியர். மூலப் பத்திரிகை 1934 முதல் புது வரிசையாக வெளிவரலாயிற்று. வேரிங் பிரச்னை பற்றிய பிள்ளையின் பெரிய கட்டுரை 1936இல் அதில் வந்தது. 20 ஆண்டு கழித்து, பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையம் கூட்டிய சர்வதேசக் கருத்தரங்கை ஒட்டி, நார்வே நாட்டு ஆத்லே ஸெல்பெர்க், இன்று அவர் பெயரால் வழங்கும் ‘சுவடுச் சூத்திர’த்தை அறிவித்த கட்டுரையை அதில்தான் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் தலைசிறந்த கட்டுரைகளுள் ஒன்றைத் தேடுகிறவர் இன்றும் இந்தியக் கணித சங்கப் பத்திரிகையின் இருபதாம் தொகுதியைத்தான் எடுக்க வேண்டும். 1950இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் சென்னையில் ராமானுஜன் கணித நிலையம் எழுந்தபோது, புனாவிலிருந்த சங்க நூல்நிலையமும் அங்கே வந்து சேர்ந்தது.

பத்திரிகை இரண்டாகப் பிரிந்தது காலத்தின் கட்டாயம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆராய்ச்சியாளனின் கட்டுரையையும் பள்ளி உபாத்தியாயரின் கணக்கையும் ஒரே அட்டைக்குள் வைத்திருந்தால், ஸெல்பெர்க் போன்றவர் அங்கே வந்திருக்க மாட்டார். ஆயினும், பட்டம் பெறாத குமாஸ்தாவின் கேள்வியும் பேராசிரியரின் தேற்றமும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலம் அத்துடன் முடிந்தது. மற்றொரு குறையையும் சொல்லவேண்டும். பத்திரிகை முழுதும் ஆங்கிலத்தில் நடந்தது. அங்கத்தினரோ ஆங்கிலக் கல்லூரிப் படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் வாய்க்கப்பெற்ற சிறு வகுப்பினர். ஆங்கிலம் அறிந்திருந்ததால்தான் ராமானுஜனாலும் அந்த வாயிலில் நுழைய முடிந்தது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவன் அதே காலத்தில் கிராமத்துத் திண்ணையில் அதற்கு நிகரான ஒன்றைக் கண்டிருந்தாலும், கேள்விப் பகுதியின் தபால் பெட்டி அவனுக்குத் திறந்திருக்கவில்லை.

1911க்கும் 1919க்கும் இடையே ராமானுஜன் அப்பகுதிக்கு விடுத்த கேள்விகள் 58. அவற்றுள் பல உடனுக்குடன் விடை பெற்றன. சில பெரிய ஆராய்ச்சிகளுக்கு வித்தாயின. 1913இல் வந்த 464ஆம் கேள்வி, 2ஐத் தன்னால் பலமுறை பெருக்கி 7ஐக் கழித்தால் எப்போது ஒரு வர்க்க எண் கிடைக்கும் என்று கேட்டது. அடுக்கு 3 எனில் 1. 4 எனில் 9. 5 எனில் 25. 7 எனில் 121. அதற்குப் பின் நெடுந்தூரம் ஒன்றும் இல்லாமல், 15 எனில் 32,761, அதாவது 181இன் வர்க்கம். இந்த ஐந்தைத் தவிர வேறு இல்லை என்பதை நார்வே நாட்டு நாகெல் 1948இல் நிரூபித்தார். 469ஆம் கேள்வியோ, 1 முதல் ஓர் எண் வரை உள்ளவற்றையெல்லாம் பெருக்கி 1ஐக் கூட்டினால் எப்போது வர்க்க எண் வரும் என்பது. 4 வரை பெருக்கினால் 25, 5 வரை பெருக்கினால் 121, 7 வரை பெருக்கினால் 5,041. இம்மூன்றையும் குறித்து, மற்றவற்றைக் கண்டுபிடிக்குமாறு ராமானுஜன் கேட்டிருந்தார். பிரெஞ்சுக்காரரான பிரோகார் இதையே 1876இல் கேட்டிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. நூறு கோடி வரையிலுள்ள எண்களைக் கணிப்பொறிகொண்டு சோதித்தாயிற்று. நான்காவது ஒன்று அகப்படவில்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்பதற்கு நிரூபணமும் இதுவரை எவரும் அனுப்பவில்லை.